மழை விழுந்த வாரத்தில் வெட்டிய குழி

சிம்போட்டா கிராமம், டெட்ஸா
12 ஜனவரி 1997

அன்புள்ள அக்கா அலினாஃபே,

நீ அங்கே நலமாக எழுந்திருந்தால் நாங்களும் இங்கே நலமாக எழுந்தோம். கிரெஷம் அத்தானுக்கும் பிள்ளைக்கும் அப்பாவின் விசாரிப்பு. அப்பாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது. மற்றபடி சோளத்துக்குக் களை எடுக்கிறார்.

அம்மா போய் எட்டு வாரம் ஆகிறது. உன் பஸ் சேற்றில் நின்று, அடக்கம் முடிந்த மறுநாள்தான் நீ வந்து சேர்ந்தாய். ஊர்ப் பெண்கள் ஏன் உன்னோடு உட்கார்ந்து அழவில்லை என்று அன்றைக்குக் கேட்டாய். எல்லோரும் விதைப்பில் இருக்கிறார்கள் என்றேன். அது உண்மை இல்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

முதல் மழை விழுந்து மூன்றாம் நாள் அம்மா இறந்தாள். சாவு விழுந்தால் அடக்க வேலை முடியும்வரை ஊரில் யாரும் வயலில் இறங்கக் கூடாது. இரண்டு நாள் விதைப்பு போய்விடும். முந்தைய வருடம் விதைப்பு பிந்தி, பிப்ரவரியில் பாதி ஊர் தவிட்டைத் தின்றது அப்பாவுக்கு நினைவிருந்தது. அவர் யாரிடமும் கேட்காமல் சந்தைக்குப் போய், செங்கல் சூளைக்கு மண் வெட்டும் மூன்று பேரைக் கூலிக்கு அழைத்து வந்தார். மதியத்துக்குள் குழி முடிந்தது. பிறகு வீடு வீடாகப் போய், "நீங்க விதைப்பப் பாருங்க, வேலை முடிஞ்சிருச்சு" என்றார். ஊருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் குழி வெட்டும் ஆண்களின், அதாவது பேரன்மாரின், தலைவர் ஜைலோசி மாமா அப்போதுதான் மண்வெட்டியோடு கிளம்பியிருந்தார். இடுகாட்டு மரங்களுக்குள்ளிருந்து முன்பின் தெரியாத மூன்று பேர் கால் கழுவிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

போன வாரம் கிழவர் பிலிமோன் இறந்தார். அப்பா சாவுக்குப் போகவில்லை. "அவங்க பார்க்கிற பார்வைய என்னால தாங்க முடியாது" என்றார். நான் போனேன். எல்லோர் முன்னாலும் ஜைலோசி மாமா என்னிடம் சொன்னார்: "உங்கப்பா நம்ம அக்காவ விலைக்கு வாங்கின குழியில வச்சாரு. அவரு சாவுக்கும் சந்தையில ஆள் பாத்துக்கட்டும்." கூலியாள் இனி இடுகாட்டுக்குள் நுழையக் கூடாது என்று கிராமத் தலைவி நாபண்டா அங்கேயே சொல்லிவிட்டார்.

பெற்றவர்களுக்குப் பிள்ளை குழி வெட்டக் கூடாது. கூலியாள் நுழையக் கூடாது. ஊர் வராது. அப்பா பிறந்த ஊரோ எல்லைக்கு அந்தப் பக்கம், போரில் அழிந்து போனது. திரும்பி வந்தவர்களில் நம் ஆட்கள் யாரும் இல்லை. அப்பாவுக்கு யார் குழி வெட்டுவது? யோசித்து எழுது.

உன் தம்பி,
லிம்பிகானி

*

கரும்புத் தோட்டக் குடியிருப்பு, ங்கோட்டகோட்டா
3 பிப்ரவரி 1997

அன்புத் தம்பி,

உன் கடிதம் பதினாறு நாள் கழித்து வந்தது. எங்கள் உடம்பு பரவாயில்லை. பிள்ளைக்கு இருமல் விட்டது. நீங்கள் இருவரும் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. ஏரியிலிருந்து வயலுக்கு நீர் ஏற்றும் பம்புகளுக்கு மெக்கானிக் ஒருவர் வேண்டுமாம், ஏப்ரலிலிருந்து. உன் பயிற்சிச் சான்றிதழைப் பற்றி அத்தான் மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டார். "வரட்டும், பாக்கலாம்" என்றாராம். அவர் அப்படிச் சொன்னால் வேலை கிடைத்த மாதிரிதான். எனலெஸைக் கல்யாணம் செய்து கூட்டிவர ஒரு அறையும் கொடுப்பார்கள். மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள், பாவம்.

அப்பா விஷயம் பெரிதில்லை. ஒரு கோழியை எடுத்துக்கொண்டு தலைவியிடம் போய், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லட்டும். ஒரு நாள் வேலை. அதை முடித்துவிட்டுக் கிளம்பு.

அக்கா

*

சிம்போட்டா
23 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

இருமல் விட்டது அறிந்து மகிழ்ச்சி. எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனலெஸுக்கும் படித்துக் காட்டினேன். ஏரிக்காற்றில் துணி எவ்வளவு நேரத்தில் காயும் என்று கேட்டாள்.

கோழி யோசனையை அப்பாவிடம் சொன்னேன். வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? யார் சோத்துல மண்ணள்ளிப் போட்டேன்? அவங்க சோத்தக் காப்பாத்தினேன்."

"அது அவங்களுக்குப் புரியலப்பா."

"புரியாது. இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்து நாப்பது வருஷம். இன்னைக்கும் நான் செஞ்சா அது வெளியாள் செஞ்சது."

அதற்கு மேல் காம்பைத்தான் பார்த்தார்.

அவருக்குத் தெரியாமல் நானே கோழியோடு தலைவி வீட்டுக்குப் போனேன். நாபண்டா கோழியை வாங்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, சோளக்கூழ் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"கோழியா முக்கியம்? உங்கம்மா எங்க பொண்ணு. அவளுக்காகக் கொஞ்சம் கஷ்டப்பட எங்களுக்கு உரிமை இருந்துச்சு. அத அவரு பறிச்சுட்டாரு. வந்து எங்களோட ஒரு சாவுல உக்காரட்டும். ஒரு வார்த்த கூடப் பேச வேணாம்."

"அவரு வரமாட்டாரும்மா. அவருக்குப் பதிலா நான் வெட்டறேன். எந்த வீட்டுல சாவு விழுந்தாலும் வரேன்."

"நீ வரது உன் கடமைப்பா. அதுல அப்பனுக்கு எப்படிப் பங்கு?" என்றார். நான் எழுந்தபோது, "விடாம வா. ஊருக்குக் கண்ணு இருக்கு" என்றும் சொன்னார். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

லிம்பிகானி

*

சிம்போட்டா
6 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எல்லோரும் சுகம்தானே? எனக்குச் சுகம். அப்பாவின் வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. சுகாதார நிலையத்தில் இதயம் என்கிறார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

இதுவரை மூன்று குழி. பிலிமோனின் மனைவிக்கு, ஆசிரியரின் கைக்குழந்தைக்கு, வெளியூரான கப்பலாவில் இறந்து கொண்டுவரப்பட்ட ஒருவருக்கு. முதலில் எனக்குக் குழிக்குள் இறங்க இடம் தரவில்லை. மேலே நின்று மண் தள்ளச் சொன்னார்கள். இரண்டாவதில் இறங்கினேன். நெஞ்சளவு போன பிறகு மண் மஞ்சளாகிறது. அதற்குக் கீழே கல். அங்கேதான் பெட்டிக்கு உள்குழி வெட்ட வேண்டும்.

என்னை "சந்தை மகனே" என்று கூப்பிடுகிறார்கள். கூட வெட்டும் மசௌகோ இரண்டு பிள்ளை பெற்றவன், வாய் மட்டும் அடங்காது. "சந்தை மகனே, போதும்டா. இதுக்குக் கீழ போனா தண்ணி வரும், உனக்குப் பம்பு வைக்கத் தோணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜைலோசி மாமா சிரிக்கவில்லை. ஆனால் சாப்பாடு வந்தபோது கோழிக்கால் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் வந்துவிட்டது. அப்பாவை இப்படி விட்டுவிட்டு வர முடியாது. அக்கா, ஒன்று கேட்கிறேன். அப்பாவை உன்னிடம் அழைத்து வரட்டுமா? பஸ்ஸில் ஒரு நாள். எனக்கு அறை கொடுக்கும் வரை அவர் உன் வீட்டில் இருக்கட்டும். அங்கே பெரிய மருத்துவமனையும் இருக்கிறது.

லிம்பிகானி

*

ங்கோட்டகோட்டா
28 ஏப்ரல் 1997

அன்புத் தம்பி,

தாமதத்துக்கு வருத்தப்படாதே. நாங்கள் உயிரோடும் வேலையோடும் இருக்கிறோம். மழை நின்றுவிட்டது. கரும்பு அறுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் வரிசையில் நான்கு வீட்டுக்கு ஒரு குழாய், அதனால் காலையில் ஒரே சண்டை. பிள்ளை நிற்கப் பழகிவிட்டான், ஆனால் விழும்போது உட்காரத் தெரியவில்லை.

அத்தான் மறுபடி பேசினார். ஜூன் கடைசி வரை உனக்காக இடத்தை வைத்திருக்கிறேன் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் முடியாதாம்.

இந்தக் கடிதத்தோடு வரும் டிரைவரிடம் காய்ந்த உசிபா மீன் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தக்காளி போட்டு வேகவை. உப்பு வேண்டாம், அதிலேயே இருக்கும்.

அக்கா

*

சிம்போட்டா
25 மே 1997

அன்புள்ள அக்கா,

பிள்ளை உட்காரக் கற்றிருப்பான். மீன் வந்தது. அப்பா விரும்பிச் சாப்பிட்டார். நான் கேட்டதை நீ படித்திருப்பாய். மறுபடி கேட்கவில்லை.

இந்த மாதம் மலேரியா வந்து ஒன்பது நாள் படுத்துவிட்டேன். சோளம் காய்ந்து நின்றது. பத்தாம் நாள் எழுந்து தடியை ஊன்றி வயலுக்குப் போனால் வயல் காலி. வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன், குதிர் நிறைந்திருந்தது. யார் செய்தது என்று எவரும் சொல்லவில்லை. மசௌகோவைக் கேட்டால், "குரங்குங்க வந்திருக்கும். இப்பல்லாம் அதுங்க அறுத்து அடுக்கியும் வைக்குது" என்றான்.

அப்பா குதிர் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "யாரையும் கேக்காம செஞ்சிருக்காங்க" என்றார்.

இப்போது ஆறு குழி. சந்தை மகன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. நான் பாதையில் போனால் பெண்கள் குடத்தை இறக்கி வைத்து முழங்கால் மடக்கி வணங்குகிறார்கள், பேரன்மாருக்குச் செய்வது போல. எங்கே போனாலும் சாப்பிடச் சொல்கிறார்கள். நேற்று மூன்று வீட்டில் சாப்பிட்டேன். மறுக்க முடியவில்லை. மூன்றாவது வீட்டிலிருந்து வரும்போது எனக்கு மூச்சு முட்டியது. சாப்பாட்டினால் இல்லை. ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

ஜைலோசி மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலையைப் பங்கிடும் பொறுப்பை இரண்டு சாவாக என்னிடம் விட்டிருக்கிறார். எனலெஸ் வந்திருந்தாள். ஜூன் கடைசி என்றேன். சரி என்றாள்.

லிம்பிகானி

*

ங்கோட்டகோட்டா
15 ஜூன் 1997

அன்புத் தம்பி,

காய்ச்சல் முழுதாக விட்டதா? தேறியதும் எழுது, இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம்.

எதிர் வீட்டில் அறுப்பு வேலைக்கு வந்த ஒருவர் இருந்தார். முலாஞ்சேக்காரர் என்பதுதான் தெரியும். போன செவ்வாய் இறந்துவிட்டார். காலை எட்டு மணிக்கு உடலை ஏற்றத் தோட்டத்து லாரி வந்தது. சம்பளத்துக்குக் குழி வெட்டும் இரண்டு பேர் ஏற்கெனவே வெட்டி முடித்திருந்தார்கள். அத்தான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் போனோம். பாட்டு ஆரம்பிக்க எங்களில் யாருக்கும் அவர் திருச்சபை எதுவென்று தெரியவில்லை. பத்து மணிக்குத் திரும்பி வந்து துணி துவைத்தேன்.

அப்பாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்து மேல்நோக்கி நீவிவிடு.

இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது.

அக்கா

*

சிம்போட்டா
6 ஜூலை 1997

அன்புள்ள அக்கா,

காய்ச்சல் போய்விட்டது. குளிர் கடுமையாக இருக்கிறது. உங்களுக்கு அங்கே இந்தக் குளிர் தெரியாது.

ஜூன் 28, சனிக்கிழமை ஜைலோசி மாமா இறந்துவிட்டார். இடுப்பு என்று நினைத்தது இடுப்பு இல்லை.

காலையில் நான் மண்வெட்டியோடு கிளம்பும்போது அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கால் செருப்பில் நுழையவில்லை. வெறுங்காலோடு நின்றார்.

"எங்கப்பா?"

"ஜைலோசி சாவுக்கு."

"உங்களால நடக்க முடியாதே."

"உன் வேலை எப்ப வரைக்கும்?"

"திங்கக்கிழமை வரைக்கும்."

"அப்ப இன்னைக்கே உக்காரணும். நான் உக்காந்துட்டா உன்ன யாரும் பிடிச்சு வைக்க முடியாது. அவங்களுக்காக வரல. உனக்காக வரேன்."

நம் வீட்டிலிருந்து மாமா வீடு எண்ணூறு அடி இருக்கும். ஐந்து இடத்தில் நின்றார். ஆண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வந்ததும் பேச்சு நின்றது. யாரும் எழவில்லை. மசௌகோ மட்டும் தான் உட்கார்ந்திருந்த கட்டையில் நகர்ந்து இடம் விட்டான். "மாப்பிள்ள, கால நெருப்புக்கு நேரா நீட்டாதீங்க, வெந்துடும். கறி பத்தலன்னா அப்புறம் பேசிக்கலாம்" என்றான். நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு அழுதார். அம்மா போனபோது அழாதவர், அக்கா. மாமாவின் தம்பி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் உள்ளேயிருந்து அம்மாவின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தார்கள், ஏழு மாதம் கழித்து.

நாங்கள் மதியம் வரை வெட்டினோம். அடக்கம் முடிந்ததும் தலைவி நாபண்டா அப்பாவிடம், "இனி உங்களப் பத்தி எங்களுக்குப் பேச்சு கிடையாது" என்றார். பிறகு என்னிடமும் ஒன்று சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

லிம்பிகானி

*

ங்கோட்டகோட்டா
20 ஜூலை 1997

அன்புத் தம்பி,

மாமாவுக்காக அழுதேன். அப்பாவுக்காகவும் அழுதேன், அது வேறு அழுகை. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அத்தான் இன்னொரு முறை போய் நின்றார். ஜூலை 31 வரை. இனிக் கேட்க முகம் இல்லை என்கிறார். இப்போது நீ வரலாம் அல்லவா? அப்பாவை ஊர் பார்த்துக்கொள்ளும். உனக்குக் கட்டில் போட்டாகிவிட்டது. தலைவி என்ன சொன்னார்?

அக்கா

*

ங்கோட்டகோட்டா
31 ஆகஸ்ட் 1997

அன்புத் தம்பி,

உன் மௌனம் எனக்குப் புரியவில்லை. உடம்பு சரியில்லையா? பஸ் டிரைவர் உன்னைச் சந்தையில் பார்த்ததாகச் சொன்னார். மெலிந்திருக்கிறாயாம்.

பம்பு வேலைக்குச் சலீமாக்காரர் ஒருவர் சேர்ந்துவிட்டார். அது போகட்டும். இனி எழுதப்போவதை நான் ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்பாவை அழைத்துக்கொண்டு வா. இரண்டு பேரும் வாருங்கள். வேலை வேறு வரும். அத்தானிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். இங்கே எந்தச் சாவுக்கும் வரும் அந்த லாரியில் அப்பாவை ஏற்றுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் அன்றைக்குப் பதில் எழுதவில்லை. அந்தப் பயத்தில் உன் வாழ்க்கையைப் பார்க்காமல் விட்டேன்.

எனலெஸ் எப்படி இருக்கிறாள்?

அக்கா

*

சிம்போட்டா
30 நவம்பர் 1997

அன்புள்ள அக்கா,

பிள்ளையும் அத்தானும் நீயும் சுகம் என்று கேட்க ஆசை. நான் மெலியவில்லை, முடியை ஒட்ட வெட்டியிருந்தேன்.

தலைவி சொன்னது இதுதான். ஜைலோசி மாமாவின் இடத்தில் இனி நான். பேரன்மாரின் தலைவன். இடுகாட்டு வாசலில், எல்லோர் முன்னாலும், அப்பாவின் முன்னாலும் சொன்னார். அந்தப் பொறுப்பில் இருப்பவன் ஒரு நாளைக்கு மேல் ஊரைத் தாண்டித் தங்கக் கூடாது. எங்கே சாவு விழுந்தாலும் முதலில் அவனைத்தான் எழுப்ப வேண்டும். மாமா முப்பத்தோரு வருடத்தில் தலைநகர் லிலோங்வேயைப் பார்த்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மசௌகோ என் கையைத் தூக்கிப் பிடித்தான், பெண்கள் குலவை இட்டார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் அப்பாவுக்கு அப்போதுதான் அந்த நெருப்பைச் சுற்றி ஓர் இடம் கிடைத்திருந்தது. நான் வேண்டாம் என்றால் அந்த இடம் என்ன ஆகும்?

அன்று வீடு திரும்பும்போது அப்பா ஒரே ஒரு முறை சொன்னார்: "நான் வராமலே இருந்திருக்கலாம்." நான் இல்லை என்றேன்.

உன்னிடம் வரச் சொன்னதை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் வரமாட்டார். தினமும் யாராவது வந்து கைத்தாங்கலாகப் பேச்சுக்கு அழைத்துப் போகிறார்கள். நன்றாகப் பேசுகிறார், சிரிக்க வைக்கிறார். அவருக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

எனலெஸ் அக்டோபரில் அவள் அண்ணன் வீட்டுக்கு, பிளாண்டயருக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்வரை கூட நின்றேன். "நீ கெட்டவனா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை முதல் மழை விழுந்தது. வியாழக்கிழமை மசௌகோவின் பெரியப்பா இறந்தார். அவர் மகன் ஸ்டிவெல் லிலோங்வேயில் அச்சகத்தில் வேலை செய்கிறான், பத்து வருடமாக ஊர்ப்பக்கம் வந்ததில்லை. காரில் வந்து இறங்கினான். நல்ல பிள்ளை. நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, எல்லாரும் விதைப்பு நேரத்துல இருக்கீங்க. உங்களக் கஷ்டப்படுத்த வேணாம்னு பாக்கறேன். டவுன்ல இருந்து நாலு பேர வரவழைச்சுடறேன், மதியத்துக்குள்ள முடிச்சுடுவாங்க."

பேரன்மார் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா நெருப்பின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையன் சொல்வதில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை, அக்கா. உன்னிடம் மட்டும் எழுதுகிறேன்.

"ஆள் வேணாம்" என்றேன். "உங்கப்பாவ நாங்க பாத்துக்கறோம். வயலு கிடக்கட்டும். ஆனா அடுத்த சாவுக்கு நீ இங்க இருக்கணும். அதுக்கடுத்ததுக்கும்."

அவன் புரிந்துகொண்டவன் போலத் தலையாட்டினான். பிறகு, மரியாதையாகத்தான், "எத்தனை நாளைக்குண்ணே?" என்று கேட்டான்.

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மற்றவர்களும் எழுந்தார்கள். மழை ஈரத்தில் மண் இளகியிருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

இங்கே எல்லோரும் நலம்.

உன் தம்பி,
லிம்பிகானி